மெக்கானோவும் பாட்டுப் புத்தகமும்

நூலகர் என்றால் தடித்த கண்ணாடியும் தடித்த புத்தகமுமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. ஓய்வு பெற்ற நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சினிமா டிரெய்லர் பார்ப்பதையும், செல்போனில் ஏதாவது வலைத்தளத்தை நோண்டிக்கொண்டிருப்பதையும் பார்த்துவிட்டு, "சார், நீங்களுமா?" என்று கேட்கிறார்கள். நானேதான். கிளை நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலும் இப்படித்தான் இருந்தேன். ஜனங்கள் எதைப் பார்த்து ஓடுகிறார்களோ அதைக் கொஞ்சம் நின்று பார்க்காதவர் நூலகத்தில் சம்பளம் வாங்கலாம், நூலகராக இருக்க முடியாது.

இதற்கு எங்கள் தொழிலின் பிதாமகரே சாட்சி. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகப் படிப்புக்காக லண்டன் போன இடத்தில், செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய பல்பொருள் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஓட்டை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் பாலம், கழற்றி இன்னொரு விதமாகப் பூட்டினால் கிரேன். நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. திருகாணிக்குப் பதில் முக்காற்புள்ளியை, ஆங்கிலத்தில் கோலனை, வைத்தார். அப்படிப் பிறந்த கோலன் பகுப்பு முறை 1933-இல் அச்சில் வந்தது. இந்தியாவின் பெரிய நூலக அறிஞருக்குப் பொறி தட்டிய இடம் கடையில் பொம்மைகள் விற்கும் பகுதி. வேலை நேரத்தில் பொம்மைகள் முன்னால் என்ன வேடிக்கை என்று அவரைக் கேட்க மேலதிகாரி யாரும் பக்கத்தில் இல்லாதது நம் அதிர்ஷ்டம்.

என் பேத்தி செல்போனில் சுடிதார் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிப்பாள். அடுத்து பருத்தி, அடுத்து அளவு, அடுத்து ஆயிரம் ரூபாய்க்குள். ஆயிரக்கணக்கில் நின்ற துணி நாலு தட்டலில் ஒரு கைப்பிடிக்கு வந்துவிடும். நிறத்தில் தொடங்கினாலும் சரி, விலையில் தொடங்கினாலும் சரி, போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். ஒரே வரிசையில் அடுக்கிவைத்த பழைய பட்டியலில் இது நடக்காது. முதல் தலைப்பு தெரியாவிட்டால் ஆள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர்காரர்கள் 'ஃபேசட்' என்று சொல்லும் இந்த ஏற்பாட்டின் வேர் ரங்கநாதன் வேலையில் இருக்கிறது. பேத்தியிடம் ஒருநாள் விளக்கிச் சொன்னேன். "அப்படியா தாத்தா" என்று சொல்லிவிட்டு சுடிதாரைக் கார்ட்டில் போட்டாள். போடட்டும். வேலை செய்கிற கருவிக்குத் தாத்தா பேர் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. நூலகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தெரிய வேண்டும். கடைத் தளத்தைக் காட்டி இதைச் சொல்லிக்கொடுத்தால், தேர்வுக்கு மனப்பாடம் செய்வதைவிடச் சீக்கிரம் மண்டையில் ஏறும்.

சினிமாவும் அப்படித்தான். 2022-இல் கல்கியின் நாவலை வைத்து 'பொன்னியின் செல்வன்' படம் வந்த சமயம், பழைய பழக்கத்தில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். "வந்தியத்தேவன் கதை இருக்கா?" என்று கேட்டு வருவார்கள். முதல் பாகம் எப்போதும் வெளியே, ஐந்தாம் பாகம் எப்போதும் அலமாரியில்! "படம் பார்த்துட்டு வந்திருக்காங்க" என்று ஊழியர் ஒருவர் சிரித்தார். வந்தால் என்ன தம்பி என்றேன். 1950-இல் கல்கி பத்திரிகையில் தொடராக ஆரம்பித்தபோது அதுவும் வாராவாரம் காத்திருந்து படித்த பொழுதுபோக்குத்தானே. புத்தகம் கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் தளத்தைச் செல்போனில் எடுத்துக் கொடுத்தேன். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மின்னூல் திட்டம் அது. கல்கி எழுதிய ஐந்து பாகமும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். படம் பார்த்து வந்தாலும் பாடத்துக்காக வந்தாலும் வாசகர் வாசகர்தான்.

ஒரு காலத்தில் காமிக்ஸ் படிக்கிற பையன் உருப்படமாட்டான் என்பார்கள். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் வந்தது. அந்தப் பழைய இதழ்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களுக்கும் இதே கதிதான். அன்று அவற்றை மதித்து எடுத்துவைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியராக இருந்தவர். நல்ல நூல்களோடு நாடக நோட்டீஸையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. ஒரு காலத்துத் தமிழர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்குக் கூட்டம் கூடினார்கள் என்று எழுத வருகிறவர்கள் இன்று அந்த நோட்டீஸைத்தான் புரட்டுகிறார்கள்.

காகிதமாவது பரணில் கொஞ்ச காலம் தாங்கும். வலைப்பக்கம் தாங்காது. யுனிகோடு பரவும் முன் தமிழ்த்தளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்துரு இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். அந்தச் சிரமத்திலும் ஆசை ஆசையாக ஜியோசிட்டீஸ் என்ற இணையச் சேவையில் வீட்டுப்பக்கம் வைத்த தமிழர்கள் உண்டு. 2009-இல் யாகூ அதை மூடியது. தன்னார்வலர்கள் ஓடி ஓடி எடுத்துவைத்தது போக மற்றது போய்விட்டது.

அதனால் காலையில் எனக்கொரு வேலை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாப் பக்கமோ, பழைய பாட்டைப் பற்றி ஒருவர் எழுதிய குறிப்போ கண்ணில் பட்டால், முகவரியை நகலெடுத்து, வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டி, சேமிக்கும் பொத்தானைத் தட்டுவேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு புது முகவரி ஒன்று வரும். அதன் நடுவே பதினான்கு இலக்கங்கள்: வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், விநாடி. புத்தகத்தின் கடைசிப் பக்கத் தேதிச் சீட்டில் முத்திரை குத்திய கைக்கு இதைப் பார்த்தால் ஒரு திருப்தி.

இதற்குக் கணக்குத் தொடங்க வேண்டாம், பணமும் வேண்டாம். உங்கள் ஊரைப் பற்றிய பக்கம் ஒன்றை இன்றே இப்படிச் சேமித்து வையுங்கள். வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது பாட்டுப் புத்தகமோ நாடக நோட்டீஸோ அகப்பட்டால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் பக்கத்து நூலகத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.