முப்பத்திரண்டில் ஆறு

மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகளை நான் முதலிலேயே வாத்தியத்தில் கைவைக்க விடுவதில்லை. தாளம் போடச் சொல்வேன். ஆதி தாளம்: எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. கை தாளம் போட, வாய் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, முடிந்து கை சமத்துக்கு (தாளம் தொடங்கும் இடத்துக்கு) வரும்போது வாயில் ‘ட’ இருக்கும். அடுத்த சமத்தில் ‘கி’. மூன்று ஆவர்த்தனம் தாண்டிய பிறகுதான் ‘த’ சமத்தில் வந்து விழும். 96 மாத்திரை. எவ்வளவு பெரிய வித்வான் வாசித்தாலும் அதற்கு முன்னால் விழாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த மீச்சிறு பொது மடங்கைப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே படித்தவர்கள்தான். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் என் பாயில் மலையாள மீடியமும் தமிழ் மீடியமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒருவன் ‘லசாகு’ என்பான், ஒருத்தி ‘மீ.சி.ம.’ என்பாள். பரீட்சையில் இரண்டு மணிகள் எப்போது சேர்ந்து அடிக்கும் என்று கேட்டால் மட்டும் எடுக்க வேண்டிய சாமான் அது என்று இருவருமே நினைத்திருப்பார்கள்.

மூன்றுக்கு அடுத்து ஆறு. ‘த தி . கி ண தொம்’. எத்தனை ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வரும் என்று கேட்டால் உடனே பெருக்குவார்கள்: ஆறு முப்பத்திரண்டு 192, ஆறு ஆவர்த்தனம். சரி, சொல்லிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன். மூன்றாவது முடிந்ததுமே வந்து நிற்கும், முகங்கள் மாறும். 32 என்பது ஐந்து இரண்டுகளின் பெருக்கற்பலன். ஆறு கொண்டுவருவது ஓர் இரண்டும் ஒரு மூன்றும். இரண்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வந்தது மூன்று மட்டும். ஆகவே 32ஐ மூன்றால் பெருக்கினால் போதும். பன்னிரண்டும் அப்படியே, இருபத்துநாலும் அப்படியே. ஐந்துக்கு 32இல் சொந்தக்காரர் யாரும் இல்லை. அது 160 வரை, ஐந்து ஆவர்த்தனம் நடந்தே ஆகவேண்டும். “புதுசா என்ன கொண்டுவருது?” என்ற இந்த ஒரு கேள்வியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

நடை மாறும்போது இது இன்னும் கூர்மையாகும். பாட்டு நாலாக நடக்க, மிருதங்கம் மூன்றாக நடக்க வேண்டுமானால் ஓர் அட்சரத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். வலது முகமான வலந்தலையில் 1, 4, 7, 10. இடது முகமான தொப்பியில் 1, 5, 9. மெதுவாக எண்ணி அடித்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபடும். நாலுக்கு ஐந்து என்றால் இருபது. இருபதில் ஒன்று நம் பழைய கணக்கில் ‘மா’; கால் என்பது ஐந்து மா, ஐந்தில் ஒன்று நாலு மா. இரண்டையும் கூட்ட அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை பொது மடங்கு தேடவில்லை, ஒன்பது மா என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மலையாளத்திலும் அதே மாதான். ஐந்து நடைகளையும் (3, 4, 5, 7, 9) ஒரே கட்டத்தில் அடக்க 1260 வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 3780 வரும், ஆனால் மூன்று ஒன்பதுக்குள்ளேயே இருக்கிறது. 1260ஐ யாரும் வாசிப்பதில்லை. கணக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் சுகத்துக்காகப் போட்டுப் பார்ப்பார்கள், நானும் அந்த ஜாதிதான்.

மேடையில் உண்மையான சிக்கல் ஏழு. 32க்கும் ஏழுக்கும் பொது மடங்கு 224, ஏழு ஆவர்த்தனம். அவ்வளவு நேரம் ஒரே சொல்லை அடித்தால் பாடகர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். பொது மடங்கு தெரிந்தவன் அதுவரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. அது தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வேறு வழி பார்ப்பான். அந்த வழியைப் பாட்டின் எடுப்பே, அதாவது பாட்டு தொடங்கும் இடமே, தரும். ஒன்றரை இடத்துப் பாட்டு சமத்திலிருந்து ஆறு மாத்திரை தள்ளி ஆரம்பிக்கும். சமத்தில் கோர்வையை (முடிவுக்கான சொற்கட்டை) தொடங்கி இரண்டு ஆவர்த்தனம் தாண்டி அந்த இடத்தில் முடித்தால் 64உம் 6உம் 70. ஏழு பத்து எழுபது! முன்பகுதியை 49இல் கட்டிவிட்டு, ‘த . தி . கி ண தொம்’ மூன்று தடவை வைத்தால் 21. அந்தத் தொம் முடியும் இடத்தில் பாடகர் பல்லவியை எடுப்பார்.

அந்த எடுப்பைக் கவனித்துக் கேட்கும் இடம் ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே உண்டு. பத்மநாபபுரத்து சரஸ்வதி தேவி நவராத்திரிக்கு ஆண்டுதோறும் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள். பாறசாலை பொன்னம்மாள் 2006இல் அங்கே பாடிய முதல் பெண். அங்கே கைதட்டல் கிடையாது. தனி ஆவர்த்தனம் சரியாக விழுந்ததா என்பதற்குப் பாடகர் பாட்டை எடுக்கும் விதம் ஒன்றுதான் சாட்சி. பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனைத் தந்த மண்ணில் கணக்கை வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்து நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.

எழுபது பழகியவர்களுக்கு அடுத்தது அரை இடம். இரண்டு மாத்திரை தள்ளி எடுப்பு, ஆக 66. ஏழு இங்கே ஒட்டாது. ஆறு ஒட்டும், பதினொன்றும் ஒட்டும். பதினொன்றை மூன்று தடவை முடிவில் வைத்தால் முன்பகுதிக்கு 33 மிஞ்சும். அதை எப்படிப் பிரிப்பது என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன்.