அம்மாவின் பட்டும் ஒரு வாளித் தண்ணீரும்

நம் இல்லங்களில் பட்டுப் புடவையைப் போல் மதிக்கப்படும் உடையும் இல்லை. அதைப் போல் பயன்படாமல் கிடக்கும் உடையும் இல்லை. திருமணத்தன்று உடுத்தியபின் அது பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. கிறிஸ்துமசுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ என்றேனும் வெளியே வருகிறது. பல வீடுகளில் அதுவும் இல்லை. உடுத்தினால் அழுக்காகும், அழுக்கானால் வீட்டில் துவைக்க இயலாது, டிரைகிளீனிங் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தில் மெய் எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு என்று ஆராய வேண்டிய தேவை எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது.

1971-இல் எங்கள் அன்னை தம் திருமணத்துக்கு உடுத்தியது அரக்கு நிறமும் பச்சைக் கரையும் கொண்ட காஞ்சிபுரம் பட்டு. 2019-இல் அவர் இறைவனடி சேர்ந்தபின் அதைப் பிரித்துப் பார்க்க எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. பின்னர் அக்காளின் மகளுக்குத் திருமணம் கூடி வந்தபோது, நிச்சயதார்த்தத்துக்குப் பாட்டியின் புடவையைத்தான் உடுத்துவேன் என்றாள். எடுத்து விரித்தோம். தோள்பக்கம் பழுப்பேறிய கறை. மடிப்புகள் இரண்டில் இழை விட்டிருந்தது. சலவைக் கடை ஒன்றில் காட்டினோம். பழைய பட்டு, கிழிந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்கள்.

உலர்சலவை என்பது பெயரளவில்தான் உலர்ந்தது. அதிலும் துணி திரவத்தில் நனைகிறது. அத்திரவம் தண்ணீர் அல்ல என்பதே வேறுபாடு. 1821-இல் நியூயார்க் நகரத்துக் கறுப்பினத் தையற்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் இத்தகைய முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் பெர்குளோரோஎத்திலீன் என்னும் கரைப்பான் உலகெங்கும் பரவியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதும் இதனையே. இத்தகைய கரைப்பான்கள் எண்ணெய்ப் பிசுக்கை நன்கு நீக்கும். ஆனால் வியர்வையின் உப்பும் பாயசத் துளியின் சர்க்கரையும் நீரில் கரைபவை. ஆகவே தண்ணீர் பட்டுக்கு முற்றும் பகை என்று கொள்வது சரியன்று.

பகைகள் வேறு. பட்டு, கம்பளியைப் போலவே, புரதத்தாலான இழை. சலவைச் சோடாவின் காரம் அதை அரிக்கும். வெளுக்கும் குளோரின் நீர் அதைக் கரைத்தே விடும். வெந்நீரில் சாயம் கழன்று ஒரு நிறம் மற்றொன்றில் ஏறும். நனைந்த பட்டு வலுக் குறைந்தது. முறுக்கிப் பிழிந்தால் தாங்காது.

இவ்வளவும் அறிந்த பிறகும் அக்காள் தயங்கினார். தயக்கம் துணியைப் பற்றியதன்று. "துவைத்துவிட்டால் அம்மாவின் வாசனை போய்விடுமே" என்றார். எங்களுக்கும் அதற்கு மறுமொழி தோன்றவில்லை. அன்னையின் தங்கையான சித்திதான் புடவையை முகர்ந்து பார்த்துச் சொன்னார்: "அடியே, இது உங்கள் அம்மா வாசனை இல்லை, அந்துருண்டை வாசனை." எல்லோரும் சிரித்தோம்; அக்காள் அழவும் செய்தார். பிறகு சித்தி தோள்பக்கத்துக் கறையைத் தொட்டுக் காட்டினார். "அவள் வியர்வை இதுதான். இப்படியே விட்டால் இந்த இடம்தான் முதலில் இற்றுப்போகும்." நாங்கள் நினைவென்று காத்துவந்ததே புடவையைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, கரையின் உட்புறத்தில் வெளியே தெரியாத ஓர் இடத்தில் அழுத்திப் பார்த்தோம். பிறகு முந்தானையிலும் அவ்வாறே. சாயம் ஏறவில்லை. ஏறியிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்போம். முந்தின இரவு ஊறவைத்த பூந்திக்கொட்டையைப் பிசைந்து வடிகட்டி, அகன்ற தொட்டியில் குளிர்ந்த நீருடன் கலந்தோம். புடவையைப் பழைய வேட்டி ஒன்றின்மேல் வைத்து, வேட்டியோடு இறக்கி, வேட்டியோடு தூக்கினோம். நனைந்த பட்டின் பாரத்தை வேட்டி தாங்கியது. கசக்கவில்லை, கைகளால் மெல்ல அமுக்கியதோடு சரி. ஊறவும் விடவில்லை. இருமுறை நல்ல நீரில் அலசி, துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, நிழலில் விரித்து உலர்த்தினோம். இலேசான ஈரம் இருக்கையில் உட்புறமாகத் திருப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டார் சித்தி.

கறை முழுவதும் போகவில்லை, வெளிறியது. சரிகை பழைய மங்கலோடுதான் இருக்கிறது. விட்டுப்போன மடிப்புகளைத் தையற்காரர் ஒருவர் பின்புறம் மெல்லிய துணி கொடுத்து இழையோட்டித் தந்தார். அக்காளின் மகள் அதையே உடுத்தினாள். கொசுவத்துக்குள் மறைந்த அந்தத் தையல் எவர் கண்ணிலும் படவில்லை.

இதனால் எல்லா ஆடைகளையும் தொட்டியில் இறக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. கோட்டுக்கு உள்ளே விறைப்புத் துணியும் உள்துணியும் உண்டு. அவை வெவ்வேறு அளவில் சுருங்கி அதன் உருவத்தையே கெடுக்கும். வெல்வெட்டு, பசையால் கற்கள் ஒட்டிய புடவை, சாயம் விடும் புதுப்பட்டு ஆகியவற்றைக் கடைக்கே அனுப்புவது நலம். லேபிளின் சொல்லை மதிக்க வேண்டும்; அது ஏன் சொல்லப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

உடுத்தாமல் வைப்பதால் மட்டும் பட்டு பிழைப்பதில்லை. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அம்மடிப்பிலேயே அது வெட்டுப்படும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஈரம் தங்கும்; அந்துருண்டை தொட்டால் சரிகை கறுக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இயன்றால், அதற்குமுன் ஒரு நாள் உடுத்தவும் வேண்டும்.