எங்க கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வந்த கதை

அன்புள்ள அம்மணிக்கு,

நீ போன்ல கேட்டப்போ பக்கத்துலயே பெரிய முதலாளி உக்காந்திருந்தார். அதனாலதான் "நல்லா ஓடுதுடி"ன்னு முடிச்சுட்டேன். உங்க வீட்டுக்காரரும் கரூர்ல ஈஆர்பி சாஃப்ட்வேர் வாங்கப் போறார்னு சொன்னியே, உள்விஷயம் எல்லாம் எழுதறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு.

எங்க சின்ன முதலாளி, அதான் சின்னவர், எம்பிஏ முடிச்சு வந்த கையோட ஆரம்பிச்சார், "நூல்ல இருந்து கன்டெய்னர் வரைக்கும் எல்லாம் கம்ப்யூட்டர்லதான்"னு. டெமோ காட்ட மூணு கம்பெனி வந்தாங்க. முதல்ல வந்தவர் மே மாச வெயில்ல திருப்பூருக்குக் கோட்டு போட்டு வந்தார்டி! திரையில ஒரு சைக்கிள் தயாராகுது. சக்கரம் வருது, ஹேண்டில் வருது, ஒரே கூரைக்குள்ள எல்லாம் சேருது. அரை மணி நேரம் பேசாம பார்த்த பெரியவர் கடைசியில கேட்டார்: "தம்பி, நூலை நிட்டிங்குக்கு அனுப்பினோம். துணி நம்ம குடோனுக்கே வரல, அங்கிருந்து நேரா டையிங்குக்குப் போயிருச்சு. இது உங்க பொட்டில எங்க தெரியுமுங்க?" கோட்டுக்காரருக்கு அதுக்கப்புறம்தான் வேர்க்க ஆரம்பிச்சது.

நம்மூர்ல ஊரே ஃபேக்டரி இல்லையா? நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் வேற வேற கேட். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு டிசி, அதான் டெலிவரி சலான். சாயத்துக்குப் போன துணி எடை குறைஞ்சுதான் திரும்பும். அதுல எவ்வளவு நிஜமான கழிவு, எவ்வளவு யாரோ வீட்டு லாபம்னு தெரியணும்னா லாட் லாட்டா கணக்கு வேணும். அது மட்டுமில்ல, இப்படி வெளிய ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு 1 வருஷத்துக்குள்ள திரும்பலைன்னா வித்ததாவே கணக்கு வச்சு ஜிஎஸ்டி கேப்பாங்க. ஐடிசி-04ன்னு அதுக்கு ஒரு படிவமே இருக்கு. டிசியைச் சரியா பிடிக்காத சாஃப்ட்வேர் ஜெர்மனியில செஞ்சதா இருந்தாலும் நமக்கு ஆகாது.

ஆனா பெரியவரும் லேசுப்பட்டவர் இல்ல. "எங்க வழக்கம் இது, சாஃப்ட்வேரை மாத்து"ன்னு எல்லாத்துக்கும் பிடிவாதம். விக்கறவனுக்குக் கசக்குமா? மாத்த மாத்த பில்லு. சின்னவர்தான் லிடில் கதையைச் சொல்லி நிறுத்தினார். ஜெர்மன் சூப்பர் மார்க்கெட். சரக்கு இருப்பை வாங்கின விலையில கணக்கு பண்றது அவங்க வழக்கம், எஸ்ஏபி-யோட சில்லறைக் கடை சாஃப்ட்வேரோ விக்கற விலையில கணக்கு பண்றது. வழக்கத்தை விடாம சாஃப்ட்வேரை வளைச்சு வளைச்சு, 7 வருஷமும் 50 கோடி யூரோவும் போனப்புறம் 2018ல கைவிட்டாங்க. பெரியவர் "50 கோடியா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். ஜாப் ஒர்க்குக்கு மட்டும் மாத்தச் சொன்னோம், பட்டன் கணக்கு, பில் ஃபார்மேட் எல்லாம் சாஃப்ட்வேர் சொன்னபடியே விட்டுட்டோம்.

அப்புறம்தான் அசல் கூத்து. பழைய எக்ஸலைத் திறந்தா ஒரே கலருக்கு நேவி, நேவி ப்ளூ, என்.ப்ளூ, நேவி-2ன்னு 11 பேரு! ஸ்டோர்ஸ் அண்ணனும் நானும் ரெண்டு மாசம் உக்காந்து இதையெல்லாம் ஒண்ணாக்கினோம். எரிச்சல்ல நான் அழுதே இருக்கேன். ஆனா கனடாவுல டார்கெட் கடைக்காரங்க இங்கதான் சறுக்கினாங்க. அவசர அவசரமா சரக்கு விவரம் ஏத்தினதுல அங்குலத்துக்கும் சென்டிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாம போச்சு. குடோன் நிறைய சரக்கு, கடையில காலி அலமாரி. 2013ல திறந்த கடைங்க, 133 கடையையும் 2015ல மூடிட்டாங்க. வேற காரணமும் இருந்தது, ஆனா இது பெரிய காரணம்.

தொடங்கற தேதிக்கும் சண்டை. சின்னவர் ஜூலை கடைசின்னார். முதலாளி வீட்டுப் பெரியம்மா "ஆடியில எவனாச்சும் புதுசா ஆரம்பிப்பானா?"ன்னு ஒரே போடு. நாங்க சிரிச்சோம். அப்புறம் படிச்சேன், அமெரிக்க சாக்லேட் கம்பெனி ஹெர்ஷி 1999 ஜூலையில 11 கோடி டாலர் சிஸ்டத்தைத் தொடங்கி, ஹாலோவீன் சீசன்ல 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாம நின்னிருக்கு. சீசன் தலைக்கு மேல நிக்கறப்போ மாத்தினதுதான் தப்பு. ஹெர்ஷிக்கு ஒரு பெரியம்மா இல்லாம போயிட்டாங்க.

நாங்க சரக்கு குறைவான மாசமாப் பார்த்துத் தொடங்கினோம். அப்பவும் முதல் மாசம் குடோன்ல மைனஸ் 340 கிலோ துணி! வந்த துணியைப் பதியறதுக்கு முன்னாடியே கட்டிங்குக்குக் கொடுத்துட்டாங்க. இன்னொரு கூத்து கேளு. ஆளுக்கு ஆள் லைசென்ஸ் காசுன்னு மிச்சம் பிடிச்சு, 9 பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. தப்பு யாரு பண்ணினாலும் "ஸ்டோர்ஸ்1"தான் பண்ணினது. அதை மாத்தினப்புறம்தான் பதிவு ஒழுங்காச்சு.

ஸ்டோர்ஸ் அண்ணன் மட்டும் இன்னும் அந்த லாங் சைஸ் நோட்டை விடலை. போன சனிக்கிழமை ராத்திரி கன்டெய்னர் ஏத்தறப்போ நெட் போயிருச்சு. அந்த நோட்டைப் பார்த்துத்தான் பெட்டி எண்ணி ஏத்தினோம். சின்னவர் ஒரு வார்த்தை பேசலையே!

உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, டெமோவுக்கு வர்றவங்க கொண்டுவர்ற உதாரணத்தைப் பார்க்க வேண்டாம். போன வருஷம் உங்களுக்கு ரொம்பத் தலைவலி கொடுத்த ஆர்டரோட ஃபைலை எடுத்துக் கொடுத்து, "இதை இப்பவே போட்டுக் காட்டுங்க"ன்னு கேக்கச் சொல்லு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு. அந்த முறுக்கு டப்பாவையும் திருப்பி அனுப்புடி, ஆறு மாசமாச்சு.

உன்
திருப்பூர்க்காரி