கல்லாவில் குறைந்த பணம்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய 56வது ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் வரி விகிதங்களை மாற்றியது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பென்சிலுக்கும் பள்ளி நோட்டுக்கும் வரியே இல்லை. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. எந்தப் பொருள் எவ்வளவு குறையும் என்று நாளிதழ்கள் பட்டியல் போட்டன. ஆனால், 21ஆம் தேதி இரவு கடை சாத்தி மறுநாள் காலை திறப்பதற்குள் பில் போடும் கணினிகளில் அந்த எண்களை மாற்றுவது யார், மாற்றியது சரிதானா என்று பார்ப்பது யார் என்பது நான் படித்த செய்திகளில் இல்லை.

கோவையில் மளிகைக்கடை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டேன். "எங்க சாஃப்ட்வேர் ஆபீசுக்கே போய்ப் பாருங்க. அங்க ஒரு அக்கா இருக்காங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் எதையும் கடைக்கு அனுப்புவாங்க" என்றார்.

காந்திபுரம் கிராஸ் கட் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். முன் அறையில் சில இளைஞர்கள் நிரல் எழுதுகிறார்கள். எந்த மென்பொருள் அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய காட்சிதான் அது. பின் அறைதான் வேறு மாதிரி. அது ஒரு குட்டிக் கடை. அலமாரியில் சோப்பு, துவரம்பருப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகள். எலெக்ட்ரானிக் தராசு, கல்லாப்பெட்டி, பல வகை ஸ்கேனர்கள், இரண்டங்குலத் தாளிலும் மூன்றங்குலத் தாளிலும் பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர்கள். கணினிகள் மட்டும் மிகப் பழையவை. கடைகளில் ஓய்ந்துபோனவற்றை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். புதுக் கணினியில் வேகமாக ஓடும் மென்பொருள் கடைக்காரரின் பழைய கணினியில் திணறும் என்பதால் சோதனை எல்லாம் இவற்றில்தான்.

அந்த அறையின் பொறுப்பாளர்தான் அக்கா. நாற்பதைக் கடந்தவர், உடுமலைப் பக்கத்துக் கிராமம். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ப்ளஸ் டூ முடித்ததும் ஒரு பெரிய கடையில் பில்லிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். காலையில் நிற்கத் தொடங்கினால் இரவு கடை சாத்தும்வரை நிற்பதுதான். கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021இல். அவர் கவுன்டரில் நின்ற காலம் அதற்கு வெகு முந்தையது.

"கால்வலி பழகிப்போச்சுங்க. சார்ட்டேஜ்தான் பழகல" என்றார்.

இரவு கல்லாப் பணத்தை நோட்டு வாரியாக எண்ணி எழுத வேண்டும். கணினி காட்டும் தொகையைவிடக் குறைந்தால் அது சார்ட்டேஜ். மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். "குறைஞ்சா எங்க பணம், கூடுனா கடைப் பணம். இதுதாங்க சட்டம் அங்க."

ஒரு மாதம் அவருக்குத் தொடர்ந்து குறைந்திருக்கிறது. திருடுகிறாள் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. அவர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, எந்த பில்லில் என்ன நடந்தது என்று கவுன்டர் ஓரத்தில் வைத்து எழுதத் தொடங்கினார். வாரக் கடைசியில் விஷயம் பிடிபட்டது. வாடிக்கையாளர் பாதி பில்லில் "சர்க்கரையை மறந்துட்டேன்" என்று உள்ளே போவார். பில்லை ஹோல்டில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார்கள். போனவர் திரும்பும்போது பக்கத்துக் கவுன்டர் காலியாக இருந்தால், அங்கே அதே பில்லை எடுத்து முடித்துவிடுவார்கள். பணம் பக்கத்துக் கல்லாவுக்குப் போகும். கணக்கோ பில்லைத் தொடங்கியவர் பெயரில் ஏறும். இவருக்குக் குறையும், அங்கே கூடும், கூடியது கடைக்குப் போகும்.

மென்பொருளைப் பழுதுபார்க்க வந்தவரிடம் நோட்டைக் காட்டியிருக்கிறார். வந்தவர் அன்று மாலையே அதைத் திருத்திக் கொடுத்தார். பிற்பாடு அவர் சொந்தமாக அலுவலகம் தொடங்கியபோது, அந்த நோட்டுக்காரியைத் தேடிப் பிடித்து வேலைக்கு அழைத்துக்கொண்டார். பிடித்த பணத்தைக் கடை திருப்பித் தந்ததா என்று கேட்டேன். இல்லை என்று அக்கா தலையசைத்தார்.

அந்த நோட்டு இன்றைக்குப் பல நோட்டுகளாக வளர்ந்திருக்கிறது. புதுப் பதிப்பு ஒவ்வொன்றும் அவற்றில் உள்ள வரிகளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "பில் சேவ் ஆகும்போது கரண்ட் போச்சு." "பிரின்டரில் பேப்பர் தீர்ந்தது." "டீ குடிக்கப் போனபோது வேறொருவர் என் லாகினில் பில் போட்டார்." இவை அவர் நின்று பட்ட அனுபவங்கள். கல்லூரியில் கணினி படித்து வந்த பையன்களுக்கு இவை தாமாகத் தோன்றுவதில்லை.

ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். ஸ்கேனர் கணினிக்கு இன்னொரு கீபோர்டு மாதிரிதான். பார்கோடைப் படித்து, 13 இலக்கங்களைத் தட்டி, என்டரும் கொடுத்துவிடும். கர்சர் தவறிப்போய் 'எண்ணிக்கை' கட்டத்தில் நின்றால், 890 என்று தொடங்கும் அந்த நீண்ட எண் முழுவதும் எண்ணிக்கையாக விழும். ஒரு சோப்பு லட்சம் கோடிக் கணக்கில் விற்றதாகிவிடும். அந்தக் கட்டம் அவ்வளவு பெரிய எண்ணை ஏற்கிறதா என்பது ஒரு சோதனை.

காய்கறித் தராசு ஒட்டும் லேபிளின் எண் பெரும்பாலும் 2 என்று தொடங்கும். அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் எண் அது. அதன் நடுவே எடையோ விலையோ பொதிந்திருக்கும். தராசு எடையை எழுத, மென்பொருள் அதை விலை என்று படித்தால், 1250 கிராம் தக்காளி 12 ரூபாய் 50 காசுக்குப் போய்விடும்.

வரியில் இன்னும் நுணுக்கம். எம்ஆர்பிக்குள்ளேயே வரி அடக்கம். 18 சதவீத வரியுள்ள 10 ரூபாய்ப் பொருளின் விலையைப் பிரித்தால் வரிக்கு முந்தைய விலை 8.47, மத்திய வரி 0.76, மாநில வரி 0.76. கூட்டினால் 9.99. ஒரு காசைக் காணோம். ஒவ்வொரு பொருளிலும் ஒரு காசு நழுவினால் பில்களின் கூட்டுத் தொகையும் நாள் முடிவு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாது. மீதிக் காசை எதில் சேர்ப்பது என்று நிரலில் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். கணினியின் பின்னக் கணக்கில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் மிகச்சரியாக 0.3 வருவதில்லை. அதனால் ரூபாயை முழுக்கக் காசாக மாற்றி, முழு எண்ணாகவே வைத்திருக்கிறார்கள் இங்கே.

செப்டம்பர் 22க்கு அவர் நோட்டில் சேர்த்த சோதனைகள் இவை: 20ஆம் தேதி 18 சதவீதத்தில் வாங்கிய ஷாம்புவை 23ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால், பழைய விகிதத்தில்தான் கழிய வேண்டும். பழைய எம்ஆர்பி, புது எம்ஆர்பி இரண்டும் ஒரே பார்கோடில் அலமாரியில் இருந்தால், எந்த விலை என்று கணினி கேட்க வேண்டும். தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாது.

யுபிஐ வந்த பின் இன்னொரு தலைவலி. வாடிக்கையாளர் கைபேசியில் பணம் போய்விட்டது என்று வரும், கவுன்டர் திரையில் 'பெண்டிங்' என்றே நிற்கும். பின்னால் வரிசை நீளும். பதற்றத்தில் பில்லை ரத்து செய்துவிட்டு மறுபடி போட்டால் கணக்கு இரட்டிக்கும். பதில் வராததைத் 'தோல்வி' என்று மென்பொருள் முடிவுகட்டக் கூடாது. வங்கியிடம் மீண்டும் கேட்டு, பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியாக என்டர் விசையைப் படபடவென்று பலமுறை அழுத்தினார். "திரை நின்னுபோச்சுன்னா எந்தப் பொண்ணும் இப்படித்தாங்க தட்டுவா. எத்தனை தடவை தட்டினாலும் பில் ஒண்ணுதான் விழணும்."

இது சின்ன விஷயமல்ல. பிரிட்டன் அஞ்சல் துறையின் கிளை அலுவலகக் கவுன்டர்களில் 1999இல் ஹொரைசன் என்ற மென்பொருள் வந்தது, ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் ஒரு கிளைப் பொறுப்பாளர் 8,000 பவுண்டு வரவைப் பதிந்தபோது திரை நகரவில்லை. என்டரை மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் தனி வரவாகி, கணக்கில் 24,000 பவுண்டு வேறுபாடு வந்தது. அந்தக் கோளாறு பிறகு கண்டறியப்பட்டது. ஆனால் ஹொரைசன் காட்டிய பற்றாக்குறைகளுக்காக 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. கிளைப் பொறுப்பாளராக இருந்த ஆலன் பேட்ஸ் முன்னின்று நடத்திய வழக்கில் 2019இல் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2024இல் தனிச் சட்டமே இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். கணினி தவறாது, மனிதர்தான் திருடுவார் என்ற ஒரே நம்பிக்கை இத்தனை குடும்பங்களைச் சீரழித்தது.

நம் ஊரில் அந்த நம்பிக்கை நீதிமன்றம்வரை போவதில்லை, சம்பளக் கவரோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் சோதனைக்குக் காசு கொடுக்க மட்டும் ஆளில்லை. கடைக்காரருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் நடுவே டீலர் நிற்கிறார். கணினி, பிரின்டர், மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்கிறார். பேரத்தில் அடிபடுவது கண்ணுக்குத் தெரியாத மென்பொருளின் பங்குதான், அதிலும் முதலில் வெட்டப்படுவது சோதனை. இயந்திரம் விற்ற லாபம் அவருக்கு, கோளாறு வந்தால் வசவு இவர்களுக்கு. இதைவிடக் கொடுமை, போட்ட பில்லைத் தடயமில்லாமல் அழிக்கும் வசதி கேட்டு வரும் டீலர்கள். வரி ஏய்ப்புக்கான கதவு அது. அந்தக் கதவு திறந்தால், கவுன்டரில் நிற்கும் பெண் தன் நேர்மையை நிரூபிக்க இருக்கும் ஒரே சாட்சியும் அழிந்துவிடும். அந்த வசதியைத் தர மாட்டோம் என்று மறுத்து, இந்த அலுவலகம் வியாபாரத்தை இழந்திருக்கிறது. அதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக வந்த இழப்புக்கே பிடித்தம் செய்யலாம், அதற்கும் முன்பு அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டமே சொல்லியிருந்தது. கடை முதலாளிகளிடம் நான் கேட்பது அதற்கு மேல் ஒன்றே ஒன்று. கல்லாவில் பணம் குறைந்தால், அந்தப் பெண்ணின் கைப்பையைச் சோதிக்கும் முன் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஹோல்ட் பில் யார் கல்லாவில் முடிந்தது, எந்த யுபிஐ தொகை தொங்குகிறது, யார் லாகினில் யார் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒரு பதிவேடு உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், அந்த மென்பொருளை மாற்றுங்கள். அதுவரை யார் சம்பளத்திலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதீர்கள்.