ஆராதனை முதல்ல. அப்போ மாத்திரை எப்போ?

1/
"கடவுளுக்கு முதலிடம் கொடுங்கன்னு பிரசங்கத்துல சொல்றாங்க டாக்டர். வீட்டுல குழந்தை காய்ச்சல்ல கிடந்தாலும் கோயில்தான் முதல்லயா?" ஏற்காடு பக்கம் ஓபி பார்க்கும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒரு கிறிஸ்தவனாகவும் டாக்டராகவும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
மாற்கு முதல் அதிகாரத்தை ஒரு டாக்டர் கண்ணோட வாசிச்சுப் பாருங்க. கப்பர்நகூம், ஓய்வுநாள். இயேசு முதல்ல ஜெப ஆலயத்துக்குப் போறார். அங்கிருந்து நேரா பேதுரு வீடு. மாமியாருக்குக் காய்ச்சல். "இன்னைக்கு லீவு, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லல, உடனே குணமாக்குறார். சூரியன் மறைஞ்சு ஓய்வுநாள் முடிஞ்சதும் ஊரே வாசல்ல வந்து நிக்குது. எங்க பாஷையில சொன்னா, ஹெவி ஈவினிங் ஓபி!

3/
மறுநாள் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, தனியா ஓர் இடத்துக்குப் போய் ஜெபம் பண்றார். சீஷர்கள் தேடி வந்து, எல்லாரும் உங்களைத் தேடுறாங்கன்னு சொல்றாங்க. கியூ மறுபடி சேர்ந்தாச்சு. ஆனா அவர் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிடுறார். கியூ என்னைக்கும் தீராது. அடுத்து எங்க போகணும்னு கியூ முடிவு பண்ணல, அந்த விடியற்கால ஜெபம் முடிவு பண்ணுச்சு. "முதலிடம்"னா எனக்குப் புரிஞ்ச அர்த்தம் இதுதான்.

4/
இதை வாழ்ந்து காட்டின ரெண்டு டாக்டர்கள் நம்ம பக்கத்துலயே இருந்தாங்க. சேலத்துல ஜோலார்பேட்டை ரயில் ஏறினா, சேர்வராயன் மலையை ஒட்டியே போய், பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி தாண்டி திருப்பத்தூர் வரும். அங்கே 1921-ல டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் பெரியண்ணன், இன்னொருத்தர் சின்னண்ணன். கல்யாணம் பண்ணிக்கல, கதர்தான் உடுத்தினாங்க, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தாங்க.

5/
அந்த ஆசிரமத்துல ஒரு ஜெபாலயமும் எழுப்பினாங்க. நம்ம ஊர்க் கோயில் மாதிரியே, திராவிடக் கட்டடக் கலையில. இப்போ நமக்கு என்ன தோணும்? "அந்தக் கல்லுக்கு எத்தனை கட்டில் போட்டிருக்கலாம்!" பெத்தானியாவுல ஒரு பெண் பரிமள தைலத்தை இயேசு மேல ஊத்தினப்பவும் இதே பேச்சு வந்துச்சு. முந்நூறு பணத்துக்கு வித்து ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமேன்னு. ஒரு கூலியாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷ சம்பளம் அது.

6/
கேள்வி நியாயமானதுதான். காபித் தோட்டத்துல கூலிக்குப் போறவங்களைத் தினமும் பார்க்கிற என்னால அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனா வைத்தியத்துக்கே வாழ்க்கையைக் கொடுத்த ரெண்டு பேர்தான் அந்த ஜெபாலயத்தையும் கட்டினாங்க. ஜெபத்தைக் காரணம் காட்டி நோயாளியை விட்டிருந்தா நாம குத்தம் சொல்லலாம். அவங்க விடலையே!

7/
இன்னொரு பக்கமும் இருக்கு. "என் வேலையே எனக்கு ஆராதனை"ன்னு எங்க தொழில்ல நிறைய பேர் சொல்வோம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆராதனையே இல்லாம வேலை மட்டும் நடந்தா, நாள் போகப் போக நோயாளி ஒரு டோக்கன் நம்பரா மாறிடுவார். நன்றி சொன்னா பிடிக்கும், கேள்வி கேட்டா எரிச்சல் வரும். நான் கடவுள் இல்லைன்னு தினமும் ஒரு தடவை மண்டியிட்டு ஞாபகப்படுத்திக்கிறது டாக்டருக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது.

8/
இப்போ மாத்திரை விஷயம். எஸ்டேட்ல வேலை பார்த்து ஓய்வான ஒரு பாட்டி. சுகருக்கு கிளிமிப்ரைட் போடுறாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்க, பேத்தி தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. சுகர் 52. மாத்திரையைப் போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடல. ஏன் பாட்டின்னு கேட்டா, "நன்மை வாங்குறதுக்கு முன்னாடி வாயில எதுவும் படக் கூடாதே சாமி! முதல்ல ஆண்டவரு, அப்புறம்தான் கஞ்சி" என்கிறாங்க.

9/
மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கலந்து கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்த்தோம், ஏறியிருந்தது. அந்தப் பக்தியை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆண்டவருக்கு முதல் இடம்னு அவங்க உடம்பாலேயே சொல்றாங்க. ஆனா அவங்க பிடிச்சிருக்கிறது பழைய சட்டம். நள்ளிரவுல இருந்து உபவாசம்ங்கிறது முன்னாடி இருந்தது. 1964-ல போப் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக் குறைச்சார். தண்ணியும் மருந்தும் எப்போ வேணா எடுக்கலாம். வயசானவங்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயம் இல்லை. இதைச் சொன்னதும் பாட்டி, "இதை யாரும் எனக்குச் சொல்லலையே"ன்னாங்க. அதான் இங்கே எழுதுறேன்.

10/
ஆக, ஆபத்துல ஒருத்தர் கிடந்தா ஓடுங்க. ஓய்வுநாள்ல மாடு கிணத்துல விழுந்தா தூக்க மாட்டீங்களான்னு கேட்டவரைத்தான் நாம கும்பிடுறோம். ஆனா ஆபத்து இல்லாத சாதாரண நாட்கள்தானே அதிகம்? அந்த நாட்கள்ல காலைல முதல்ல எதைத் தொடுறீங்க, போனையா வேதத்தையா? ஞாயித்துக்கிழமை வேலை எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருக்கிற நேரம்தான் ஆண்டவருக்கா? முதலிடம் யாருக்குன்னு அங்கே தெரிஞ்சிடும்.

11/
கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. கிளிமிப்ரைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, தவக்காலமோ உபவாச ஜெபமோ, முன்கூட்டியே உங்க டாக்டர்கிட்ட கேட்டு டோஸை மாத்திக்கோங்க. நீங்களா நிறுத்தாதீங்க, வெறும் வயித்துலயும் போடாதீங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. தவறாம ஆராதனைக்குப் போங்க. போகும்போது பையில ரெண்டு மிட்டாய் இருக்கட்டும்.