காழும் முளையும்

தை மாதத்து முற்பகலொன்றில், யாழ்ப்பாணத்து வளவொன்றின் கோடியிலே பனம்பாத்தி கிண்டப்படுகின்றது. மண்வெட்டி பிடித்தவர் ஒருவர். கிழங்கை இழுத்தெடுத்து மண் தட்டிக் குவிப்பவர் எழுபது கடந்த ஆச்சி. அருகிற் குந்தியிருந்து, முளைத்த விதைகளைக் கத்தியாற் பிளந்து பூரான் தின்பவள் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயிலும் பேத்தி. தின்றுகொண்டே அவள் கேட்கின்றாள்:

"ஆச்சி, பனை மரமோ, புல்லோ?"

ஆச்சி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "புல்லெண்டால் மாடு விட்டு வைச்சிருக்குமே, பிள்ளை? உதைத்தானோ உனக்குப் படிப்பிக்கினம்?"

ஆச்சியின் விடை நகைப்புக்குரியதன்று. உயரமும் பருமனும் கண்டு மரம் என்றும் செடி என்றும் பெயரிடுதல் உலக வழக்கு. ஐரோப்பியத் தாவரவியலாரும் நெடுங்காலம் அவ்வழக்கிலேயே நின்றனர். பேத்தியின் வினாவோ இரண்டிடங்களிலிருந்து வந்தது. ஒன்று அவளுடைய தாவரவியற் பாடநூல், மற்றையது தொல்காப்பியம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மரபியல், புறத்தே காழ் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே காழ் உடையனவற்றை மரம் என்றும் வகுக்கின்றது. அவ்வகையிற் பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புல்லாகின்றன. வேம்பும் பாலையும் முதிரையும் மரம். ஒருவித்திலை, இருவித்திலை என இன்று கூறப்படும் பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்துச் செல்வது உண்மையே. இந்த ஒப்புமையைக் கண்டவுடன், மேலைநாட்டார் பதினேழாம் நூற்றாண்டிற் கண்டதைத் தொல்காப்பியர் முன்னரே கண்டுவிட்டார் என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதுண்டு. முழங்கியவுடன் கைதட்டலும் எழும். ஆனால் மரபியலில் வித்திலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. முருங்கைக்கு அகத்தே சொல்லத்தக்க வைரம் கிடையாது. வாழைக்கு அகமும் புறமும் மென்மையே. மரபியலில் இடைச்செருகல் உண்டென்பாரும் உளர். இவற்றையெல்லாம் மறைத்து எழுப்பப்படும் பெருமை, நூலுக்கு மரியாதை செய்வதாகாது. தொல்காப்பியம் உண்மையிற் கண்டது எது என்று கேட்பதே நூலை மதிக்கும் வழி.

அது கண்டது தச்சனும் கண்டதுதான். வேம்பை அறுத்தால் வைரம் நடுவிலே. பனையைப் பிளந்தால் வைரம் வெளியிலே, நடுவிலுள்ளது கழித்தெறியும் நார். இந்த வேறுபாடு தற்செயலானதன்று. இரண்டும் வளர்ந்த விதத்தின் வேறுபாடு அது. வேம்பின் பட்டைக்குக் கீழே மாறிழையம் என்னும் மெல்லிய வளர்ச்சிப்படை உண்டு. அது ஆண்டுதோறும் உட்புறமாகப் புதிய மரத்தை இடுகின்றது. பழைய மரம் நடுவிலே ஒதுங்கி, உயிரணுக்கள் இறந்து, செறிந்து வைரமாகின்றது. பனைக்கு அத்தகைய மாறிழையம் இல்லை. கலன்கட்டுக்கள் தண்டெங்கும் சிதறியிருப்பினும், புறத்தை அண்டிய பகுதியிலேயே நெருங்கிக் கடினப்படுகின்றன. எனவே வடலிப் பருவத்திற் பல ஆண்டுகள் நிலமட்டத்திலேயே நின்று அடியின் பருமனை முதலில் அமைத்துக்கொண்ட பின்னரே பனை மேலெழுகின்றது. எழுந்தபின் வேம்பைப் போல் வளையம் வளையமாகப் பருப்பதில்லை. காழ் எங்கே இருக்கின்றது என்பது, அந்தத் தாவரம் எவ்வாறு வளர்ந்தது என்பதன் பதிவு. அப்பதிவை வாசித்துப் பிரிவு செய்தமையே மரபியலின் சிறப்பு. மேடைகளிற் சொல்லப்படுவதிலும் இது சிறியதுதான், ஆயினும் மெய்யானது.

இனி, வளர்ச்சியைப் பாராமல் வகுக்க முயன்றோர் பக்கம் திரும்பலாம். 1747இல் வெளிவந்த 'புளோரா செயிலானிக்கா' என்னும் நூலில் இலங்கைத் தாவரங்களை ஒழுங்குபடுத்திய கார்ல் லின்னேயசு இத்தீவை ஒருபோதும் கண்டவரல்லர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் போல் ஏர்மன் என்னும் மருத்துவர் இங்கே திரட்டி, உலர்த்தித் தாளில் ஒட்டிய மாதிரிகளே அவர்க்கு ஆதாரம். கேசரங்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் கொண்டு வகுப்புக்களைப் பிரித்த அவருடைய முறை, உலர்ந்த தாளுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் தாளில் ஒட்டிய செடிக்குக் குழந்தைப் பருவம் இல்லை. அது முளைத்ததும் தளிர்த்ததும் முதிர்ந்ததும் அங்கே தெரியா. பூத்த ஒரு நாள் மட்டுமே தெரியும். முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை வளர்ந்து, ஒரேயொரு முறை பூத்துக் காய்த்து மடிகின்ற தாளிப்பனையை எந்தத் தாளில் ஒட்டுவது? 1753இல் வந்த அவருடைய பெருநூலில் பனையினங்கள் இருபத்துநான்கு வகுப்புக்களுள்ளும் அடங்காமல், இறுதியிற் பின்னிணைப்பாகவே நிற்கின்றன.

முளையைப் பார்த்தவர் ஆங்கிலேயரான யோன் ரே. 1682இல் வெளியிட்ட நூலில், முளைக்கும்போது ஒரு வித்திலை காட்டுவன, இரு வித்திலை காட்டுவன என அவர் பிரித்தார். வேடிக்கை யாதெனில், மரம், செடி என்ற பழைய பிரிவை அவரும் கைவிட்டாரில்லை. ஆச்சியின் கட்சியிலும் ஒரு கால் வைத்திருந்தார். 1789இற் பிரான்சிய அறிஞர் அந்துவான் உலோரென்ற் த யூசியே வித்திலையின் எண்ணிக்கையையே பாகுபாட்டின் முதற்படியாக்கினார்.

இளமைத் தோற்றம் உறவைக் காட்டிக்கொடுப்பதற்கு வறண்ட வலயத்தில் நடப்பட்டுள்ள அவுத்திரேலிய அக்கேசியாவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. வளர்ந்த மரத்தில் இலையென்று தோன்றுவது உண்மையில் தட்டையாக விரிந்த இலைக்காம்பு. பார்வைக்குக் கருவேலோடு அதற்கு எவ்வித ஒப்புமையும் இல்லை. விதையை நட்டுச் சில கிழமைகள் பொறுத்தால், நாற்றின் முதல் இலைகள் கருவேலின் இலைபோலவே சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து தோன்றும். அடுத்தடுத்த இலைகளிற் காம்பு அகன்று, துண்டுகள் குறைந்து மறையும். 2005இல் எடுக்கப்பட்ட பெயரிடல் முடிவின் பின் கருவேல் வேறு சாதிப்பெயர் பெற்றுவிட்டது. குடும்ப உறவு மாறவில்லை.

ஆயினும் வளர்ச்சிச் சான்றும் ஏமாற்றவல்லது. பூவிற் பல கேசரங்கள் உள்ளிருந்து வெளிநோக்கித் தோன்றும் குடும்பங்கள் சிலவற்றை 1946இல் ஈ. யே. எச். கோணர் எடுத்துக்காட்டினார். அவ்வியல்பை ஒரு முக்கிய சான்றாகக் கொண்டு பின்வந்தோர் ஓர் உபவகுப்பையே அமைத்தனர். ஆதர் குரோன்குவிசுற்றின் 1981ஆம் ஆண்டுப் பாகுபாட்டிலே தேயிலையும் பருத்தியும் அதனுள் உடன்பிறப்புக்கள். டி.என்.ஏ. ஒப்பீடு அவ்வீட்டைக் கலைத்து, இரண்டையும் வெகுதூரம் பிரித்துவிட்டது. ஒரே வளர்ச்சி முறை வெவ்வேறு மரபுகளில் தனித்தனியே தோன்றக்கூடும் என்பது தெளிவாயிற்று. இருவித்திலைத் தாவரங்களும் தப்பவில்லை. 1998இல் வெளியான புதிய பாகுபாட்டில் ஒருவித்திலையின ஒரே குலமாக நிலைத்தன. இருவித்திலையினவோ ஒரே குலமாக நிற்கவில்லை. இரு வித்திலை என்பது பூக்கும் தாவரங்களின் பழைய பொது இயல்பு. ஒன்றாகக் குறைந்ததே பின்வந்த மாற்றம். ஆகையால் மிளகும் கறுவாவும் சீத்தாவும் இரு வித்திலையோடு முளைத்தும், வேம்பும் பருத்தியும் அடங்கிய பெருங்குலத்துக்கு வெளியே நிற்கின்றன.

மரபியலில் மேடைப் பேச்சாளர் அதிகம் தொடாத ஓரிடம் உண்டு. இளமைப்பெயர்களைக் கூறும் பகுதியிலே, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்பன ஓரறிவுயிர்களுக்கும் உரியன என்று கூறிவிட்டு, நெல்லையும் புல்லையும் அது விலக்குகின்றது. முதிர்ந்த உடலைக்கொண்டு இனம் பிரிக்கும் அதே இயல், இளமையை எப்பெயரால் அழைப்பது என்பதிலும் இனவேறுபாடு காண்கின்றது. யாழ்ப்பாணத்தில் இன்றும் தென்னைக்குப் பிள்ளை, வாழைக்குக் குட்டி, மாவுக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று. பனைக்கு மட்டும் வடலி எனத் தனிப்பெயர். இச்சொற்களை ஊர் ஊராகத் திரட்டுதல் தமிழ் பயிலும் மாணவர்க்கு இயலக்கூடிய பணி. தாவரவியல் மாணவர் ஒருவரும் உடன் செல்வாராயின் இன்னும் நன்று.

பாத்தியடியில் வெயில் ஏறிவிட்டது. பேத்தி பாதி தின்ற பூரானைத் தூக்கிக் காட்டுகின்றாள். விதையினுள்ளே இருந்து உணவை உறிஞ்சும் அந்த வெண்பஞ்சு வித்திலையின் ஒரு பகுதி. அதன் காம்பே நீண்டு மண்ணுள் இறங்கி முளையைக் கீழே கொண்டு செல்கின்றது.

"ஆச்சி, இதுதான் பனையின்ரை முதல் இலை. ஒண்டே ஒண்டுதான்."

"அப்ப நீ இவ்வளவு நேரமும் இலையையோ திண்டனி?" என்கிறாள் ஆச்சி, அடுத்த கிழங்கை இழுத்தபடி.