வன்னிக் காட்டுக்கு எந்தக் கருவி?

அவுஸ்திரேலியாவிலிருந்து ஊர் வரவிருக்கும் நண்பர், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காடுகளில் நடக்க எந்த ஜிபிஎஸ் கருவி வாங்கலாமென்று கேட்டு எழுதியிருந்தார்.

வன்னிக் காட்டில் ஏறிப் பார்க்க மலையில்லை. பாலையும் வீரையும் முதிரையும் எத்திசையிலும் ஒன்றுபோலவே நிற்கும். தேனுக்குப் போகும் நம்மவர்கள் கொப்பு முறித்து அடையாளம் வைத்தே போவார்கள். அந்தப் பழக்கமில்லாதவருக்குக் கருவி தேவைதான்.

ஆனால் இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜிபிஎஸ் கருவி செய்மதிச் சமிக்ஞையைப் பெற்று, நீங்கள் நிற்குமிடத்தை உங்களுக்கு மட்டுமே சொல்லும். அடர்ந்த மரநிழலில் அது தடுமாறவும் கூடும். மாற்றக்கூடிய சாதாரண பற்றரியில் இயங்குவதை வாங்குங்கள். பற்றரியே தடைசெய்யப்பட்டிருந்த 1990களின் வன்னி நினைவுக்கு வருகிறது.

பிறருக்குச் சொல்வது அவசரகால பீக்கன். கொஸ்பாஸ்-சர்சாட் செய்மதிகளுக்கு 406 மெகாஹேட்ஸில் அபயக்குரல் அனுப்பும். மாதக் கட்டணமில்லை, தொலைபேசிக் கோபுரமும் வேண்டாம். ஆனால் அதைப் பதிவுசெய்த நாட்டின் மீட்பு நிலையத்துக்கும் செய்தி போகும். அங்கிருந்து அழைப்பு வரும்போது, நீங்கள் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை உங்கள் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு கருவிகளுக்கும் தெரியாத ஒன்றுண்டு: மிதிவெடி. போர் 2009இல் முடிந்தும் அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. கருவி காட்டும் நேர்கோட்டுக் குறுக்குப் பாதையில் இறங்காதீர்கள். மண்டையோட்டுப் பலகைகளை மதியுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரை முன்னே நடக்கவிட்டு, அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வையுங்கள்.